அம்மாவின் முதுகும் பதினேழு திருப்திகளும்

எங்கே போனாலும் 'பார்வையிட்டேன், திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது எனக்கு இருபத்தெட்டு வருடப் பழக்கம். பள்ளிக்கூடங்களை ஆய்வு செய்யும் வேலை. தலைமையாசிரியர் மேசையில் பார்வையாளர் பதிவேடு விரிந்திருக்கும். பக்கத்தில் பேனா, அதற்குப் பக்கத்தில் டீயும் வடையும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் வாயால் சொல்லிவிடுவேன். எழுத்தில் குறை எழுதினால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும், அவர் நாலு பக்கம் எழுதுவார், அதை நான் உட்கார்ந்து படிக்க வேண்டும். எதற்கு வம்பு? திருப்தி.

என் அம்மா தேவனாம்பட்டினத்துக்காரி. கடலூர்த் தெருக்களில் முப்பது வருடம் மீன் கூடை சுமந்து என்னைப் படிக்க வைத்தவள். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து அனுப்பும்போது, சில மாதங்களுக்கு ஆள் வைத்துப் பார்க்க வேண்டும், பிசியோதெரபி தர வேண்டும் என்றார்கள். நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். குடியிருப்பது இரண்டாவது மாடி. என் மனைவிக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை மிகக் குறைவு. சண்டை என்று சொல்ல முடியாது, சண்டை போடவும் பேச வேண்டுமே. அலுவலகத்தில் ஒருவர் சிதம்பரத்தில் ஓர் இல்லத்தைச் சொன்னார். நர்ஸ் உண்டு, டாக்டர் வந்து பார்ப்பார், படுத்த படுக்கையானவர்களை வைத்துப் பராமரிப்பார்கள். அம்மாவைக் கொண்டுபோய் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பார்க்கலாம். வருமுன் போன் செய்ய வேண்டும். போனால், அம்மா துவைத்த நைட்டியில், முகத்தில் பவுடரும் தலையில் கனகாம்பரமுமாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் எதிரில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பேன். இடுப்புக்குக் கீழே எரிகிறது என்று இரண்டு மூன்று முறை சொன்னாள். நர்ஸைக் கேட்டேன். ஆபரேஷன் வலி, அப்படித்தான் இருக்கும் என்றார். சரி என்றேன். தாயின் பின்பக்கத்தைத் துணி விலக்கிப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் எந்த மகனுக்கும் கிடையாது.

கிளம்பும்போது மேனேஜர் ஒரு பதிவேட்டை நீட்டுவார். என் கை தானாக எழுதும். 'என் தாயாரை நன்கு பராமரிக்கிறார்கள். திருப்தி. நன்றி.' பழக்கம் மட்டும் காரணமில்லை, பயமும் உண்டு. நம் ஆள் அவர்கள் கையில் இருக்கிறார். நாம் குறை எழுதிவிட்டு பஸ் ஏறினால், அந்தக் கோபம் அம்மா மேல்தானே திரும்பும் என்ற பயம். நன்றி என்பதற்கு அடியில் ஒரு கோடும் போடுவேன்.

ஒரு புதன்கிழமை சிதம்பரத்தில் ஒரு கூட்டம் சீக்கிரம் முடிந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து, போன் செய்யாமல் போய் நின்றேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லையே சார் என்றார் ஆயா. அதை நானும் அறிந்திருந்தேன். அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். பவுடர் இல்லை, பூ இல்லை. கெட்டுப்போன இறைச்சி நாற்றம் அடித்தது. திருப்பிப் படுக்க வையுங்கள் என்றேன். ஆயா தயங்கினார். நானே திருப்பினேன். இடுப்புக்குக் கீழே, நடுவில், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். ஓரமெல்லாம் கறுப்பு. ஆழத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று பிறகு டாக்டர் சொன்னார்.

மேனேஜர் வந்தார். சுகர் இருந்தா இப்படி வரும் சார் என்றார். அம்மாவுக்குச் சுகர் கிடையாது என்றேன். வயசு இருக்கில்ல சார் என்றார். அது இருந்தது.

அன்றைக்கே ஆம்புலன்ஸ் வைத்துக் கடலூருக்குக் கொண்டுவந்தேன். பத்து நாள் ஆஸ்பத்திரி, பிறகு வீடு. இரண்டாவது மாடிக்கு நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். இந்தப் புண் வராமல் தடுக்க பெரிய மருந்தெல்லாம் வேண்டாம் என்றார் டாக்டர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, ஈரமில்லாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். என் மனைவி நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அலாரம் வைத்தாள். அலாரம் அடிக்கும், போவாள், ஒரு வார்த்தை பேசாமல் திருப்பிப் போட்டுவிட்டு வருவாள். அம்மாவும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்புவாள்.

என் மனைவியின் தம்பி கடலூர் கோர்ட்டில் வக்கீல். மச்சான் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து வழிகளைச் சொன்னான். பணம் வாங்கிக்கொண்டு பராமரிப்பது சேவை, அதில் குறை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இல்லத்தின் உரிமத்தைப் பற்றி சுகாதாரத் துறைக்கு எழுதலாம். போலீஸுக்கும் போகலாம், ஆனால் அதற்கு வேறொரு டாக்டரின் கருத்து வேண்டும், நாள் ஜாஸ்தி ஆகும். முதலில் அம்மாவின் சிகிச்சைக் காகிதங்களை எழுதிக் கேட்டு வாங்கு மாமா, அப்புறம் நோட்டீஸ் விடலாம் என்றான்.

காகிதங்கள் வந்தன. அதில் திருப்பிப் படுக்க வைத்ததற்கு ஒரு அட்டவணை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிக், எல்லாம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். அம்மா அங்கிருந்து கிளம்பிய பிறகும் இரண்டு நாள் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்திருந்தார்கள். மச்சானுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இது ஒன்றே போதும் என்றான். நோட்டீஸ் போனது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. இரண்டு நாள் டிக் எழுத்தரின் கைத்தவறாம். பொறுப்புள்ள அரசு அலுவலரான மகன் வாராவாரம் நேரில் பார்வையிட்டு, தம் கைப்பட திருப்தி தெரிவித்திருக்கிறாராம். இல்லத்தை விட்டுப் போகும்போது இருந்தது சிறு கீறல்தானாம். அதன்பின் வீட்டில் மருமகள் சரியாகக் கவனிக்காததால் புண் பெரிதாகியிருக்கிறதாம். ஆதாரமாக, பதிவேட்டிலிருந்து பதினேழு பக்கம் ஜெராக்ஸ்.

மச்சான் பதினேழையும் நிதானமாகப் படித்தான்.

"கையெழுத்து அழகா இருக்கு மாமா," என்றான்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் அரசாங்கப் பேனாவில் வைத்துக்கொண்டேன். எனக்கு நன்றாக வேண்டும். ஆனால் அடி விழப்போவது என் மனைவி தலையில், அதுவும் எழுத்தில். ஆஸ்பத்திரி சீட்டில் படுக்கைப் புண் என்று இரண்டே வார்த்தைதான் இருந்தது, அகலமும் ஆழமும் எழுதவில்லை. புண்ணைப் படம் எடுக்க வேண்டும், அதை வைத்து இது எத்தனை நாள் புண் என்று ஒரு டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும், ஆறிக்கொண்டு வருவதால் உடனே செய்ய வேண்டும் என்றான் மச்சான். படம் இல்லையென்றால் என் பதினேழு திருப்திதான் சாட்சி.

வழக்குக்கு ஆகும் என்று ஆஸ்பத்திரியிலேயே நான் படம் எடுக்கப் போனபோது அம்மா மறுத்துவிட்டாள். கண்ட ஆம்பளைங்க கோர்ட்டில் என் பின்னாடியைப் பார்க்கவா, செத்தாலும் மாட்டேன் என்றிருந்தாள். இப்போது மறுபடி கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டினேன். மற்றதில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். அதேதான் என்றேன்.

"செவுளத் தூக்கிப் பாக்காம எவளாச்சும் மீன் வாங்குவாளாடா?" என்றாள். "நீ வாரா வாரம் வந்து என் மூஞ்சப் பாத்துட்டுப் போயிருக்க."

எழுந்து போய் மொட்டை மாடியில் நின்றேன். அங்கே காய்ந்துகொண்டிருந்த அம்மாவின் விரிப்புகளை மடித்து எடுத்துக்கொண்டு கீழே வந்தேன்.

மறுநாள் காலை புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும் நேரம். என் மனைவி பழைய கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். சுவரைப் பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டாள். ராத்திரி கூடத்தில் நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கும், இல்லத்துக்காரன் அனுப்பிய கடுதாசியில் மருமகள் பெயரையும் இழுத்திருக்கிறானா என்று கேட்டாள். ஆமாம், அவள் சரியாகப் பார்க்காததால்தான் புண் பெரிதானது என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அம்மா எங்கள் கடற்கரையில் மட்டும் புழங்கும் ஒரு வார்த்தையைச் சொன்னாள். அதை நோட்டீஸில் எழுத முடியாது.

"ராவும் பகலும் அலாரம் வச்சிப் பாக்குறா இந்தப் பொண்ணு," என்றாள். "இவமேலயா பழியப் போடுறானுவ? போன எடு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையசைத்தாள்.

"நீ இல்லம்மா. எழுதுனவன் எடுக்கட்டும்."

போனை வாங்கிக்கொண்டு கட்டிலருகே குனிந்தேன். அம்மா சிரமப்பட்டுக் கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேல் என்னைப் பார்த்தாள். முகம் தெரிய வேண்டியதில்லை அம்மா, புண் மட்டும் போதும் என்றேன்.

"மூஞ்சியும் வரட்டும். இல்லன்னா யாரு முதுகோன்னுடுவானுவ."

புண்ணும் முகமும் ஒரே படத்தில் வரவேண்டுமென்றால் தள்ளி, உயரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றேன். ஸ்டூல் ஆடியதில் முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதும் கலங்கிவிட்டது. மன்னித்துக்கொள் அம்மா, இன்னும் ஒரு நிமிடம் என்றேன்.

"அவசரம் ஒண்ணும் இல்லடா," என்றாள். "நல்லாப் பாத்து எடு."