மடியில் ஏறிய யானை

மகளின் பிறந்தநாளுக்கு யானை வடிவில் கேக் செய்தேன். ஊரிலிருந்து போனில் படம் பார்த்த மனைவி, "பன்னிக்குட்டி அழகா இருக்குதுங்க" என்றாள். மனம் தளராமல் அதைத் தூக்கிக்கொண்டு தருமபுரியில் ஏரியூர் பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. நிற்பவர்களின் சுமையை உட்கார்ந்திருப்பவர் வாங்கி வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். என் கேக் பெட்டியை வாங்கியவர் பச்சைத் துண்டு போட்ட மீசைக்காரர். மீசையைத் தடவாமல் அவருக்குப் பேச்சு வராது. கண்ணாடி மூடி வழியே பார்த்ததும் முகம் இறுகியது.

"யானைங்களா?"

எனக்குப் புல்லரித்தது. "ஆமாங்க! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

மீசையைத் தடவினார். "முந்தாநேத்து நம்ம ராகிக் கொல்லையில நின்னாருங்க. இதே ஜாடை. பாதிக் கொல்லை போச்சு. இப்ப அவரையே மடியில வெச்சுக்கிட்டுப் போறன் பாருங்க."

பழிவாங்கிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ வேகத்தடை வரும்போதெல்லாம் பெட்டியைக் கைக்குழந்தைபோல் ஏந்திக்கொண்டார். தும்பிக்கை துளியும் அசையவில்லை.

ஏரியூரில் பெட்டியைத் தந்துவிட்டு, அதைப் பார்த்துக் கும்பிட்டார். "மிச்சம் வெக்காமத் தின்னச் சொல்லுங்க பாப்பாவ. ஒருத்தராவது கொறையட்டும்!"

அந்தக் கும்பிடு பக்தியா, கிண்டலா என்று இன்றும் தெரியவில்லை. மகள் பெட்டியைத் திறந்து "யானை!" என்று கத்தினாள், முதல் கடியிலேயே தும்பிக்கையைக் காணோம்.