மெத்தையம்மா தைத்த இறக்கை

மெத்தையம்மாவுக்கு வாய் ஓயாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; அப்போதுதான் அன்றைக்கு அவள் வாயடைத்து நின்றது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

இருபத்தேழு வருஷம் சோபா, நாற்காலி, பேருந்து இருக்கை என்று மனிதர்கள் உட்காருகிற எல்லாவற்றுக்கும் உறை தைத்தவள். கையில் ஊசி ஓடும்போதே வாயும் ஓடும். அவள் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். முதுகுக்குப் பின்னால் அறுபது பேர் கத்தினாலும் பாதையைப் பார்த்து ஓட்டிப் பழகியவர் என்பதால் குடும்பம் சிக்கலில்லாமல் நடந்தது.

ஊருக்கு வெளியே இருந்த விமானத் திடலுக்கு அவள் முதலில் போனது ஒரே ஒரு இருக்கை தைக்கத்தான். அங்கே ஒரு ஷெட்டில் பழைய பட்டாளத்து விமானம் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். போர்க்காலத்தில் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த இரட்டை இறக்கை விமானம். ஏதோ ஒரு வைக்கோல் கொட்டகையில் புறாக்கள் குடியிருக்கக் கிடந்ததை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். மெத்தையம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எலும்பு எலும்பாக மரச்சட்டங்கள், மேலே ஒன்றுமில்லை.

"இதுக்கு மேல என்னங்கய்யா போடுவீங்க? தகரமா?"

"துணி," என்றார் பெரியவர். ஆயுள் முழுக்க விமானம் பழுதுபார்த்த மனிதர். ஷெட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். பேச்சில் மட்டும் படு கஞ்சன்.

"துணியைப் போர்த்திக்கிட்டா இது பறந்துச்சு? கேக்கிறவன் சிரிக்க மாட்டான்?"

"ஒழுங்காத் தைச்சா பறக்கும்."

அவ்வளவுதான். அன்றைக்கு உட்கார்ந்தவள் ஐந்து வருஷம் எழுந்திருக்கவில்லை. கடையைக் காலையில் பார்ப்பாள், மதியத்துக்கு மேல் ஷெட். மேல் துணியையும் கீழ்த் துணியையும் சட்டத்தோடு சேர்த்து நீள ஊசியால் கோத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு; அதன் மேல் பசை தடவித் துணிநாடா ஒட்டவேண்டும். பெரியவர் வந்து ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் நெம்பிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் ஒரே சொல்: "பிரி." மெத்தையம்மா குதிப்பாள். "என்கிட்டயா? நான் தைச்ச சீட்டுல ஊரே உக்காந்திருக்கு, தெரியுமா?" என்று கத்திக்கொண்டே பிரிப்பாள். வீட்டுக்குப் போனதும் கணவரிடம் வேறு மாதிரி பேசுவாள். "இத்தனை வருஷமா நான் தைச்சது எல்லாத்து மேலயும் ஜனங்க உக்காந்தாங்க. இதைத்தாங்க அண்ணாந்து பாக்கப் போறாங்க." சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அவர் பார்த்தார்.

அந்த ஷெட்டில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்தையே அதில் வரைந்து வைத்திருப்பார்கள். எல்லா உருவத்தின் மேலும் கருவி வந்து தொங்கினால்தான் இறக்கையை மூடலாம். மெத்தையம்மா தன் சாமான்களை வீட்டிலிருந்து பையில் கொண்டுவருபவள். அதனால் அவளுக்குத் தனிப் பட்டியல்: கத்தரிக்கோல் இரண்டு, ஊசி ஒன்பது, விரலுறை ஒன்று, சாக்குக்கட்டி மூன்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணுவாள்.

விமானக் கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, யாரோ சாய்த்து வைத்த ஏணி சரிந்து இடது இறக்கையைக் கிழித்தது. சோதனைக்கு நாலு தடவை பறந்து, எல்லாம் சரி என்று எழுதி வைத்திருந்த நேரம். ஏணியையும் ஏணியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே மெத்தையம்மா அந்தப் பாகத்துக்குப் புதுத் துணி போட்டாள். பட்டியல்படி எண்ணினாள், மூடினாள், கையெழுத்துப் போட்டாள். அதே வாரம் வீட்டில், தூரப்பார்வைக்கு அவள் போடும் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. பழி கணவர் மேல்தான். "பேப்பரோட சுருட்டி எங்கயோ போட்டுட்டீங்க!" அவர் மறுக்கவில்லை. தான் செய்யாத தப்புகளை ஒத்துக்கொள்வதில் அவருக்கு முப்பது வருஷப் பழக்கம்.

கண்காட்சி நாள் வந்தது. திடல் முழுக்கப் பழைய விமானங்கள் வரிசையாக நின்றன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் திருவிழாக் கூட்டம். கணவர் முன்வரிசையில் மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். ஐந்து வருஷத்தில் அவரை எண்ணெய்க் கறை இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. ஓட்டப்போகிற பெண் விமானி தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மெத்தையம்மா, நீங்க தைச்ச சீட்டுல உக்காந்தா இறங்கவே மனசு வரல," என்றாள். மெத்தையம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து பேர் சேர்ந்து விமானத்தை ஷெட்டிலிருந்து தள்ளினார்கள். மெத்தையம்மா இடது இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவுத் தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கியபோது இறக்கைக்குள்ளே 'டக்' என்று ஏதோ விழுந்தது. பிறகு மெல்ல உருண்டது.

வேறு யாருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

ஏணி கிழித்த நாள் அப்படியே அவள் கண்முன் வந்தது. சட்டத்துக்குள் தலையை நுழைக்கத் தோதாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளேயே ஒரு கட்டையின் மேல் வைத்தாள். அன்றைக்குக் கட்டையில் வார்னிஷ் ஈரமாக இருந்தது, இத்தனை நாள் அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். ஊசியை எண்ணினாள், கத்தரிக்கோலை எண்ணினாள். முகத்தில் இருப்பதை யார் எண்ணுவார்கள்?

விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்கும் மடலை இழுக்கிற கம்பி, ஒரு கப்பியைச் சுற்றி அதே வழியாகத்தான் ஓடுகிறது. கண்ணாடியின் எஃகுக் கம்பி அந்தக் கப்பியில் சிக்கினால் விமானம் சாய்ந்தது சாய்ந்தபடியே போகும். சிக்காமலும் போகலாம். பத்து நிமிஷம்தானே பறக்கப்போகிறது? சொன்னால் அத்தனை பேரின் ஐந்து வருஷமும் பாழ். பெரியவர் அவளை ஷெட் பக்கமே விடமாட்டார். இந்த வயசில் கிடைத்த இந்த ஒரு இடமும் போனால், மறுபடி சோபா, சோபா, சோபா.

விமானி ஏணியில் கால் வைத்தாள்.

"ஏறாதம்மா!"

எல்லாரும் திரும்பினார்கள். மெத்தையம்மாவுக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள்.

"என்னம்மா?" என்றார் பெரியவர்.

"என் கண்ணாடி உள்ள இருக்குய்யா. இறக்கைக்குள்ள. நான்தான் வச்சு மூடிட்டேன்."

பெரியவர் இறக்கை நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டினார். உள்ளே உருண்டது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன் சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே அறு."

அறுத்தாள். பத்தாயிரம் பேர் பார்க்க, தான் பார்த்துப் பார்த்துப் போட்ட துணியைத் தானே கிழித்தாள். கையை உள்ளே விட்டுத் துழாவி எடுத்தாள். மூக்குக்கண்ணாடி கப்பிக்கு அரைச் சாண் தள்ளிக் கிடந்தது. விமானி அதை வாங்கிப் பார்த்தாள். மெத்தையம்மாவின் தோளைப் பிடித்து ஒரு முறை அழுத்தினாள்.

தொழில்நுட்பக் காரணத்தால் இந்த விமானம் இன்று பறக்காது என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் 'ச்சே' என்றது. கயிற்றோரம் நின்ற கேமராக்காரர் ஒருவர், "இதுக்காக விடியக்காலைலயே கிளம்பி வந்தோம்! எவன் பண்ண தப்புங்க இது?" என்று கத்தினார்.

மெத்தையம்மா, "நான்தான்" என்று சொல்ல நிமிர்ந்தாள். பெரியவர் முந்திக்கொண்டார். விமானத்தின் வேலைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கயிற்றருகே போனார். பக்கத்தைப் பிரித்து அந்த ஆளின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"பாருங்க சார். இதுல என்ன குறைன்னு எழுதக் கட்டம் இருக்கு. கண்டுபிடிச்சது யாருன்னு எழுதக் கட்டம் இருக்கு. சரிபண்ணது யாருன்னு எழுதவும் இருக்கு. எவன் பண்ணான்னு கேக்கிற கட்டம் இல்ல. அறுபது வருஷமா பாக்கிறேன், எந்த விமானத்துப் புத்தகத்துலயும் இல்ல. அந்தக் கட்டம் இருந்தா எவனும் வாயத் திறக்க மாட்டான். அந்தப் பொண்ணு இந்நேரம் மேல இருந்திருக்கும்."

ஒரே மூச்சில் அவர் அத்தனை பேசி யாரும் கேட்டதில்லை. திரும்பி வந்து இறக்கையின் மேலேயே புத்தகத்தை வைத்து, கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் மெத்தையம்மாவின் பெயரை முழுசாக எழுதினார். சரிசெய்தவர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.

"தைச்சு முடிச்சுட்டுக் கையெழுத்துப் போடு. கண்காட்சி நாளைக்கும் இருக்கு."

அப்போதுதான் அவள் உடைந்துபோனாள். வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பெரியவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவள் முழங்கையைத் தொட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"துணி நனையுதும்மா. ஈரத்துல பசை பிடிக்காது. அந்தப் பக்கம் போய் அழுதுட்டு வா, நான் ஊசி கோத்து வைக்கிறேன்."