நிலையில் இருந்த யஹூதிக் குழல்

மார்கழிக் குளிரில் அந்தப் பித்தளைக் குழலை எக்கித் தொட்டால் விரல் நுனி சுரீரென்று வலிக்கும். கரோல் பாகில் நாங்கள் புதிதாகக் குடிபோன வாடகை வீட்டின் வாசல் நிலையில், இரண்டு ஆணியில் சாய்வாக நின்றது அது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று ஜனக்புரியில் சொந்தக் கட்டிடத்தில் உட்கார்ந்து ஐந்து மொழியில் வியாபாரம் பேசுகிறேன் என்றால், ஒன்பது வயதில் அந்தக் குழலைப் பற்றித் தெருவெல்லாம் விசாரித்துத் திரிந்த துணிச்சல்தான் காரணம்.

முன்பு குடியிருந்த "யஹூதி" குடும்பத்துடையது, இருக்கட்டும் என்றார் பஞ்சாபி வீட்டுக்காரர். பாதாம் விற்ற காபூல்காரரும் "யஹூதி" என்றார், மாடி வீட்டு வங்காளி மாமி "இஹுதி" என்றாள், அப்பா மட்டும் "பேப்பர்ல யூதர்னு போடுவான்" என்றார். அரபியிலிருந்து ஊர் ஊராக நடந்து வந்த சொல் என்று, சவூதியில் வேலை பார்த்துத் திரும்பிய வாடிக்கையாளர் ஒருவர் வெகுகாலம் கழித்துச் சொன்னார். சொல் எல்லோரிடமும் இருந்தது. குழலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

தங்கைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்காதபோது, திருநெல்வேலிக்காரியான அம்மா அதைச் சூனியம் என்றே முடிவுகட்டினாள். "சூனியத் தகடுல்லா அது. பிடுங்கி யமுனையில போட்டுட்டு வா, திரும்பிப் பாக்காத." ஆணியோடு பிடுங்கினேன், மூடி கழன்றது, உள்ளே பொடி எழுத்து நிறைந்த தோல் ஒன்று சுருட்டி இருந்தது. ஆற்றில் போட்டேன். டாக்டர் மருந்தில் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அடுத்த மாதம், முன்பு குடியிருந்த யஹூதி வீட்டு அம்மா, சேலை கட்டிக்கொண்டு, பம்பாயிலிருந்து வந்து நின்றார். உள்ளே நுழையும்போதே பழக்கத்தில் கை நிலைக்கு உயர்ந்தது. வெறும் மரத்தைத் தொட்ட விரலை உதட்டருகே கொண்டுபோய் அப்படியே நின்றுவிட்டார். வீட்டைக் காக்கும் "துஆ", பிரார்த்தனை அது, அவசரத்தில் விட்டுப்போனோம் என்றார் இந்தியில். அம்மா தலைகுனிந்து காய்ச்சலையும் யமுனையையும் சொன்னாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "பச்சி அப் டீக் ஹை நா?" குழந்தைக்கு இப்போது சுகமா என்று.

இன்று அந்த வீடு இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட துணிக்கடை நிற்கிறது. தொலைக்காட்சியில் "யஹூதி" என்று காதில் விழுந்தால், யாராவது என்னைப் பார்த்து அந்தக் குழல் எங்கே என்று கேட்டுவிடுவார்களோ என்று சேனலை மாற்றிவிடுகிறேன். தங்கை பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். எதை எதையோ சாதித்தேன் என்று அவளிடம் மணிக்கணக்காகப் பேசும் நான், இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.