வெள்ளைக் குள்ளனுக்கு எடை போட்ட கதை

வெடித்துச் சிதறிய நட்சத்திரத்துக்கு எடை போடுவது என் தொழில். தராசும் கிடையாது, சரக்கும் மிச்சமிருக்காது. என்ன உத்தியோகம் என்று ஊரில் கேட்டதும் முழிக்கும் சகபாடிகளே, நான் படும் பாட்டையும் கேளுங்கள்.

ஓவர்லோடு

எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம்தான் வெள்ளைக் குள்ளன். பூமியளவு உடம்பு, சூரியனளவு எடை. சூரியனைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கை நெருங்கினாலே தாங்காது, வெடிக்கும் என்பது பாடம். நான் பார்த்த வெடிப்பு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பிரகாசம். அவ்வளவு வெளிச்சத்துக்கு அவ்வளவு சரக்கு எரிந்திருக்க வேண்டும், ஆகவே குள்ளன் வரம்பு மீறிக் கனத்திருக்கிறான் என்று அடித்துச் சொல்லிக் கட்டுரை எழுதி அனுப்பிவிட்டு, லீவில் பந்தல்குடி வந்தேன். அது தேறினால்தான் எனக்கு அடுத்த வேலை. பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணனிடம் விளக்கினேன். அவர் அசரவேயில்லை.

"லிமிட்டுன்னு போட்டிருக்கது ஒண்ணு, ரோட்டுல ஓடுற லோடு ஒண்ணு. இதைக் கண்டுபிடிக்கவா தாயி இம்புட்டுப் படிச்ச?"

பஞ்சுக் கடையில்

அருப்புக்கோட்டையில் சித்தப்பாவுக்குப் பஞ்சு வியாபாரம். "சாக்கு எடையக் கழிச்சியா?" என்றார். எங்கள் தொழிலில் சாக்கு என்பது அந்த நட்சத்திரம் இருந்த விண்மீன் மண்டலத்தின் வெளிச்சம். கழித்துவிட்டேன் என்றேன். அவர் பேசிக்கொண்டே வந்திறங்கிய மூட்டைக்குள் தோள் வரை கையை விட்டார். எடை கூட்டத் தண்ணீர் தெளித்திருந்தால் மேலே காய்ந்திருக்குமாம், நடுவில் நசநசக்குமாம்.

"சாக்கு கெடக்கட்டும். உள்ள ஈரம் இல்லேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

அதே கேள்வி

அடுத்த வாரமே கட்டுரை திரும்பி வந்தது. பெயர் தெரியாத பரிசீலகர் ஒருவர், சுற்றியிருந்த வாயுவில் மோதியதால் கூடுதல் வெளிச்சம் வந்திருக்கலாமே, அப்படியானால் குள்ளன் சாதாரண எடைதானே என்று கேட்டிருந்தார். ஆனாலும் கையில் துருப்பு இருந்தது. சிதறல் முதலில் சுவர் மாதிரி மறைக்கும். மாதக்கணக்கில் விரிந்து மெலிந்தபின் உள்ளே தெரியும். அப்போது பார்க்கத் தொலைநோக்கியில் ஏற்கெனவே நேரம் வாங்கி வைத்திருந்தேன். பார்த்தோம். வெடிப்பில் உண்டாகும் நிக்கல்தான் வெளிச்சம் தந்துகொண்டே கடைசியில் இரும்பாக மாறும். அத்தனை வெளிச்சத்துக்கும் ஈடான இரும்பு உள்ளேயே கிடந்தது. வாயு மோதிய தடயம் எங்குமில்லை. உடன் வேலை பார்க்கும் பானுவுக்குப் பஞ்சுக் கதை தெரியும். திரையைப் பார்த்துக் கத்தினாள்.

"சித்தப்பாவுக்கு போன் போடு. நடுவுல நல்லா காஞ்சிருக்கு!"

தேறியது

'நிரூபணம்' என்ற சொல்லை மட்டும் 'வலுவான சான்று' என்று மாற்றச் சொல்லி, கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். வேலையும் கிடைத்தது. சந்தோஷம் தாங்காமல் இனிப்போடு பஞ்சுக் கடைக்கு ஓடினேன். சித்தப்பா ஒரு லட்டை வாயில் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரக்கையே காட்டாம எடையப் பாஸ் பண்ணிட்டியே, நீ யாவாரத்துக்கு வந்திருக்க வேண்டிய ஆளு தாயி!"

அன்றிலிருந்து என் கட்டுரைகள் முதலில் பஞ்சுக் கடைக்குப் போய்விட்டுத்தான் பத்திரிகைக்குப் போகின்றன.