பங்க்காரியை நான் சாகவிடவில்லை

உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதைகளில் யார் எப்போது சாவார்கள் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். சட்டைப்பையிலிருந்து குழந்தையின் போட்டோவை எடுத்துக் காட்டுகிறவன் அன்றைக்கே போவான். இருமிவிட்டுக் கையை மறைக்கிறவன் இன்னும் கொஞ்சம் தாங்குவான். ‘எல்லாம் முடிந்ததும் ஒரு சின்ன வீடு கட்டணும்’ என்று வாயைத் திறந்தவனுக்கு அங்கேயே குழி தோண்டிவிடலாம். நாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகாது. நாயைக் கொன்றால் பார்க்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

இந்த ஞானமெல்லாம் என் வீட்டுக்காரர் புண்ணியம். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் நின்று பகலெல்லாம் சிரித்துவிட்டு, மட்டாஞ்சேரிக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் வீடியோ கேமில் இறங்கிவிடுவார். நாற்பது தாண்டிய மனிதர். அவர் வருஷக்கணக்கில் ஆடிய கேம் ஒன்றைத் தொடராக எடுத்து வாரம் ஒரு பகுதியாக விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

எனக்கு வெலிங்டன் தீவில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் பில் போடும் வேலை. மத்தியானம் பின்னறையில் மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவோம். நான், எதிர் மேசைக்காரியான திருப்பூணித்துறைச் சேச்சி, ஆபீஸைக் கூட்டித் துடைத்துச் சாயா போடுகிற கம்பத்து அக்கா. அக்காவின் அறையில் டி.வி. கிடையாது. சேச்சிக்குச் சந்தா கட்ட மனசு கிடையாது. அதனால் திங்கட்கிழமைதோறும் அவர்களுக்கு நான்தான் தொடர். துப்பாக்கிச் சத்தம், பின்னணி இசை எல்லாம் என் வாயிலேயே வரும். உள்ளதைச் சொல்வதென்றால், தொடரைவிட நான் நன்றாகச் சொல்வேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளைக் கம்பத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டாள். மகன் தோப்பும்படியில் ஒரு பட்டறையில் ஏ.சி. ரிப்பேர் கற்றுக்கொண்டு பெங்களூருக்குப் போனான். முதலில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று. அப்புறம் நம்பரையே மாற்றிவிட்டான். நன்றாக இருக்கிறான், புது பைக் வாங்கியிருக்கிறான் என்று அவனோடு வேலை பார்த்த ஒருவன் வந்து சொன்னான். மகள் போனில் ‘இங்க வந்துரும்மா’ என்று அழுவாள். அக்கா மட்டாஞ்சேரியில் மசாலா கிடங்குக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையை விட்டு நகரவே மாட்டாள்.

“அவன் வந்தா இந்தக் கதவத்தான தட்டுவான்” என்பாள்.

“பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம்.

“பித்துன்னு தெரிஞ்ச பைத்தியம்தான் தங்கச்சி நான்” என்று சிரித்தாள்.

தொடரின் கதை பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆறு, குளம், கிணறு எல்லாம் விஷமாகி ஊர்கள் காலியாகிவிட்டன. தாடிவைத்த ஒருவன் பேசாமல் நடப்பான். அவனுக்கு ஒரு பழைய துக்கம் இருக்கும், இல்லாவிட்டால் தாடி எதற்கு? கூடவே வரைபடம் வைத்திருக்கும் ஒரு பெண். வடக்கே எங்கோ நல்ல தண்ணீர் ஏரி ஒன்று இருக்கிறதாம். குடிக்கவே தண்ணீர் இல்லாத நாட்டில் அவள் கூந்தல் மட்டும் ஷாம்பு போட்ட மாதிரி அலையும். சேச்சிக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். “அவளுக்கு மாத்ரம் எவிடுந்நா வெள்ளம்?” என்று ஒவ்வொரு வாரமும் அந்தத் தண்ணீருக்குக் கணக்குக் கேட்பாள்.

ஒரு வாரம் அவர்கள் இருவரும் பாழடைந்த பெட்ரோல் பங்க் ஒன்றில் ஒதுங்கினார்கள். அங்கே ஒரு வயதான அம்மாள் பயறு வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஊரே போன பிறகும் அவள் போகவில்லை. பிழைப்புத் தேடிப் போன மகனுக்கு அந்த இடம் மட்டும்தான் தெரியுமாம். இதை நான் சொன்னபோது அக்காவின் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

“எங்களோட வந்துருன்னு அந்தத் தாடிக்காரன் கூப்பிட்டானா?”

“கூப்பிட்டான். மாட்டேன்னுட்டா.”

“மாட்டாதான்” என்றாள் அக்கா.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் சட்டப்படி இந்த அம்மாள் தேறமாட்டாள். முன்பின் தெரியாதவனுக்குச் சோறு போட்டு அவன் துக்கத்தைக் கேட்டு நல்ல வார்த்தை சொல்கிறவளை இந்தக் கதைகள் விட்டுவைப்பதில்லை. நாயகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே நடப்பதற்கு ஒரு சாவு வேண்டும், அதற்கென்று செய்து வைத்த ஆள் அவள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், நான் எத்தனையோ பானை பார்த்தவள்.

அடுத்த ஞாயிறு கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அவள் செத்தாள். பின்னணியில் வயலின் வேறு.

“கேம்ல இவ சாகவே மாட்டா” என்று வீட்டுக்காரர் கோபப்பட்டார். “கேம்ல இவ வெறும் கடை. எப்பப் போனாலும் நிப்பா. பேண்டேஜ் விப்பா, ஒரே வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லுவா. மகன், கிகன் எல்லாம் டி.வி.க்காரன் ஒட்டவெச்சது.”

அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டி.வி.க்காரன் கேமை மாற்றலாம் என்றால் நான் டி.வி.யை மாற்றக்கூடாதா? கதைக்குக் காலில்லை, கொழுக்கட்டைக்குத் தலையில்லை.

திங்கட்கிழமை அக்கா டப்பாவைத் திறக்கும் முன்பே கேட்டாள். “அந்தப் பங்க்காரி என்ன ஆனா?”

“கொள்ளைக்காரனுங்க வந்தாங்க. அடுப்புல இருந்த பயறைக் கொதிக்கக் கொதிக்க மூஞ்சில ஊத்துனா. ஓடிட்டாங்க.”

அக்கா கைகொட்டிச் சிரித்தாள். எனக்கு ஒரு துளி உறுத்தலும் இல்லை. அதற்குப் பிறகு வாராவாரம் பங்க்காரிக்கு நானே கதை கட்டினேன். கூரையைச் சரிசெய்தாள். கிணற்றுத் தண்ணீரை மணலில் வடிகட்டினாள். வழிப்போக்கன் ஒருவனுக்குப் பிரசவம் பார்த்தாள்... இல்லை, அவன் மனைவிக்கு. தாடிக்காரனும் ஏரியும் எங்கேயோ போய்விட்டன, யாரும் கேட்கவும் இல்லை. கை கழுவும் குழாயடியில் சேச்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

“அப்போ அவள் மரிச்சோ!” என்று சேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். “நீ பறயண்டா கேட்டோ. அவள் அவிடெ இரிக்கட்டெ.” அக்காவிடம் சொல்ல வேண்டாமாம், பங்க்காரி அங்கேயே இருக்கட்டுமாம்.

ஆனால் கட்டிய கதைக்கு ஒரு முடிவு வேண்டுமே. தொடர் முடிகிற வாரம் வந்தது. எனக்கு முடிவு தயாராக இருந்தது. மகனைக் கொண்டுவந்து நிறுத்துவேன். அம்மா அவன் முகத்தைத் தடவுவாள், மழை பெய்யும், நல்ல மழை. அக்கா அழுவாள், சேச்சி அழுவாள், நானும் அழுவேன். அந்தத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வரும்போதே வசனம் எல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

“தூரத்துல ரோட்டுல ஒரு ஆள் வர்றான் அக்கா” என்று ஆரம்பித்தேன். “தோள்ல ஒரு பை…”

“நிறுத்து தங்கச்சி” என்றாள் அக்கா. “அவன் வர வேணாம்.”

சேச்சி சோற்றில் கை வைத்தபடி இருந்தாள். “மகன் வந்நால் நல்லதல்லே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அந்தம்மா மகன் வராம இருந்ததுக்கு ஒரு நியாயம் இருக்கு” என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை. “உலகமே அழிஞ்சு போச்சு. தண்ணி இல்ல, ரோடு இல்ல, போன் இல்ல. அவ காத்துக் கெடக்கலாம். என் மகனுக்கு என்ன அழிஞ்சு போச்சு? பஸ் ஓடுது, ரயிலு ஓடுது. என் நம்பரு அதேதான். நேத்துகூட டவர் முழுசா இருந்துச்சு.”

யார் எப்போது சாவார்கள் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இந்தக் கதை எங்கே போய்க்கொண்டிருந்தது என்று தெரியவே இல்லை. இத்தனை வாரமும் நான் அக்காவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்ததாக நினைத்தேன். அவளோ அந்த அம்மாளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

“சரி அக்கா, பங்க்காரி என்ன செய்யட்டும்?” என்றேன்.

“பூட்டிட்டுக் கெளம்பட்டும்.”

“எங்க போவா?”

“மக வீட்டுக்கு.”

“அவளுக்கு மக இல்லியே அக்கா. ஒரே பையன்தானே.”

அக்கா டப்பாவை மூடினாள்.

“இருக்குன்னு வெய்யி தங்கச்சி. இத்தன நாளா கூப்புட்டுக்கிட்டே இருக்கான்னு வெய்யி.”