பக்கத்துக் கட்டிலில் அண்ணன்

தெருமுனையில் இஸ்திரிக்கடை போட்டிருந்த அவள் எல்லோருக்கும் இஸ்திரியக்கா. "இஸ்திரிக்கும் ஸ்திரீக்கும் என்ன பெரிய தூரம்? நான் ரெண்டும்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்புக்குக் குறைச்சலில்லை. ஆனால் காலையில் ஒரு மடக்கு சாராயம் உள்ளே போனால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் பெட்டியைப் பிடிக்க முடியும்.

ஒருநாள் கை நிற்கவில்லை. சூடான பெட்டி நழுவி, பாதத்தில் விழுந்தது.

மருந்துக்கடை மாடியில் திருநங்கைகளுக்கான சுகாதார மையம் ஒன்று இருந்தது. நொண்டிக்கொண்டே படியேறிப் போனாள். அங்கிருந்த ஆலோசகரும் திருநங்கைதான். குடித்து, விட்டு, மீண்டவள். புண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"புண்ணு ஆறிடும். கை ஏன் நடுங்குது?"

"குளிருது."

"இந்த வெயில்லயா?"

இஸ்திரியக்கா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"குடியை நீயா திடீர்னு நிறுத்திடாத. வலிப்பு வரும். ஆஸ்பத்திரியில படுத்துதான் விடணும். நான் கூட வரேன்."

ஆஸ்பத்திரியில் குடிநோய்க்கு இருந்த ஒரே வார்டு ஆண்களுடையது. பொதுவான பெண்கள் வார்டில் கேட்டதற்கு, மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். ஆலோசகர் பாதி நாள் மல்லுக்கு நின்றாள். கடைசியில் ஆண்கள் வார்டிலேயே, நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில், மறைப்புத்துணி கட்டி ஒரு கட்டில் கிடைத்தது.

"சட்டை லுங்கி போடச் சொன்னா நான் போயிடுவேன்" என்றாள் இஸ்திரியக்கா.

"நைட்டியே போட்டுக்கங்க. எவனாவது வாயைத் தொறந்தா என்கிட்ட சொல்லுங்க" என்றாள் நர்ஸ்.

வாந்தியும் வியர்வையுமாக முதல் சில நாட்கள் போயின. தலை கொஞ்சம் தெளிந்த சமயத்தில், கத்திக்கொண்டிருந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். முகத்தைப் பார்க்குமுன்பே குரல் தெரிந்துவிட்டது. அவளுடைய அண்ணன்.

அம்மாவின் சேலையை உடுத்தியிருந்தவளை முடியைப் பிடித்து இழுத்து, வாசலில் தள்ளிக் கதவைச் சாத்தியவர். அன்றைக்கு அவளுக்கு மீசைகூட அரும்பவில்லை. அதன்பிறகு அம்மா செத்ததைக்கூட யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டாள்.

அண்ணனுக்குப் புத்தி தடுமாறியிருந்தது. இல்லாத பூச்சிகளைப் போர்வையிலிருந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார். ஊசியைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கிடக்கட்டும் என்று அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"அம்மா."

மறைப்புத்துணி விலகியிருந்தது. அவர் அவளைத்தான் பார்த்தார்.

"அம்மா, கதவைத் தொறம்மா. தம்பியை வெளியில விட்டுட்டேன். மழை பெய்யுது, நனையறான்."

அன்றைக்கு மழை பெய்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது. எழுந்துபோய், டம்ளரிலிருந்து கரண்டியால் தண்ணீரை அவர் வாயில் விட்டாள்.

"தொறந்தாச்சு. உள்ள வந்துட்டான். நீ தூங்கு."

வந்துட்டான். தன்னைப் பற்றி வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பாள். அவர் தூங்கும்வரை நெற்றியில் கை வைத்தபடி நின்றாள்.

மருந்து வேலை செய்து, ஒரு காலையில் அவருக்கு நினைவு திரும்பியது. அவளை வெகுநேரம் பார்த்தார். அடையாளம் தெரிந்ததென்று அவளுக்குப் புரிந்தது.

"அண்ணா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி வந்ததும், "வேற கட்டில் கேளு" என்றார். கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். அங்கும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. டாக்டர் எவ்வளவோ சொல்லியும், சிகிச்சை முடியுமுன்பே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். பின்னால் பையோடு போன அண்ணி அவள் கட்டிலருகே நின்றாள்.

"அத்தை ஜாடை அப்படியே இருக்கு உங்களுக்கு" என்றாள் தாழ்ந்த குரலில். வேறெதுவும் சொல்லத் தோன்றாமல் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

இஸ்திரியக்கா கடைசிவரை இருந்து, மாத்திரைகளோடு வெளியே வந்தாள். கை நின்றது. பெட்டி பிடித்தாள். வாரந்தோறும் மாடிக்குப் போய் குடியை விட்ட மற்றவர்களோடு உட்கார்ந்து பேசினாள். அண்ணனைப் பற்றி மட்டும் அங்கே வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை அண்ணி போன் செய்தாள். அண்ணன் மறுபடி குடித்து, ஈரல் கெட்டு இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்துவிட்டதாம்.

"முன்னாடியே சொல்லலாம்னுதான் பார்த்தேன். வீட்ல பெரியவங்க..."

"பரவால்ல அண்ணி. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா" என்றாள் அண்ணி.

இஸ்திரியக்கா கடையைப் பூட்டினாள். மையத்துக்குப் போகும் வழியில்தான் சாராயக்கடை. அதன் வாசலில் கால் நின்றது. உள்ளே தெரிந்த முகம் ஒன்று கையசைத்தது. எப்படி அங்கிருந்து நகர்ந்தாள் என்று பிறகு ஆலோசகர் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

மாடியில் ஆலோசகர் சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தாள். இவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"குடிச்சியா?"

"இல்ல. குடிக்கணும்போல இருக்கு. எங்கண்ணன் செத்துட்டாரு, அவருக்காக அழுகைகூட வரமாட்டேங்குது."

"இன்னிக்கு என் வீட்ல வந்து படு."

அவள் தலையாட்டினாள். ஆலோசகர் விளக்கை அணைத்துவிட்டு வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.