இங்கேதான் பிறந்தவன்

அகதிகளுக்கான சட்ட உதவித் திட்டத்துக்கு நான் தலைவி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த மலேசிய நாட்டுச் சட்டத்தில் அகதி என்ற சொல்லே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும். நீலாயில் ஒரு கடைமாடியில் எங்கள் அலுவலகம். குடிநுழைவுத் துறையின் சோதனையில் யாராவது பிடிபட்டால், ஐ.நா. அவர்களுக்குக் கொடுத்த அகதி அட்டையைக் காட்டி, அதிகாரிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி வெளியே கொண்டுவருவோம். சட்டம் என்று நாங்கள் செய்வதில் பாதி கெஞ்சல்தான்.

பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் பழம் வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி, சின்ன மகள், லயத்தில் ஒரு வீடு. ஊரில் அவருடைய தம்பியை விசாரணைக்கென்று கூட்டிப்போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அடுத்தது தன் முறை என்று தெரிந்து ஓடிவந்தவர். கையில் அட்டை இருந்தது. பிடிபட்டாலும் மீட்டுவிடலாம் என்றுதான் நம்பியிருந்தேன்.

தோட்டத்தில் சோதனை நடந்த அன்று, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரின் மனைவி போன் செய்தார். குரலில் ஒரே பெருமை.

"பயப்படாதீங்க லாயரம்மா. நம்ம புள்ளதான், இங்கதான் பொறந்தான், ஐசி மட்டும் எடுக்கலன்னு எல்லாரும் ஒரே வாயா சொல்லிட்டோம் லா. அவனையும் அப்படியே சொல்லச் சொல்லியிருக்கேன்."

"அவரோட அட்டை எங்கக்கா?"

"அது வெளிநாட்டு ஆளுன்னு காட்டிக் கொடுத்துருமில்ல? அடுப்புல போட்டுட்டேன்."

கத்தியிருப்பேன். ஆனால் நானும் தோட்டத்துப் பிள்ளை. இங்கேயே பிறந்து, இங்கேயே ரப்பர் பால்மரம் வெட்டிக் கிழடாகி, ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாமலே செத்தவர்களை எனக்குத் தெரியும். 'இங்கதான் பொறந்தேன்' என்பதை நிரூபிக்கத்தான் எங்கள் ஆட்கள் காலமெல்லாம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். தங்களிடம் இருந்ததிலேயே பெரிய சொத்தை அந்த மனிதருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எப்படிக் கோபப்படுவது?

நான் போய்ச் சேருவதற்குள் அவர் அதையே அதிகாரிகளிடம் சொல்லி முடித்திருந்தார். எந்தப் பள்ளியில் படித்தாய் என்று மலாயில் கேட்டிருக்கிறார்கள். இங்கே பிறந்தவருக்குக் கேள்வியே புரியவில்லை. அட்டை எரிந்தாலும் ஐ.நா. அலுவலகத்தில் பதிவு இருக்கிறதே என்று, அதை உறுதிசெய்யும் தாளை வாங்கிக்கொண்டு ஓடினேன். அதிகாரி நல்ல மனிதர்தான். மலாயில் நிதானமாகக் கேட்டார்: "இங்கே பிறந்தேன் என்கிறான் அவன். அகதி என்கிறீர்கள் நீங்கள். எது பொய் அம்மா?" சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரிக்கும் மனசு இருந்தது, கொடுக்கத்தான் வழியில்லை.

லாக்கப்பில் அவரைப் பார்த்தேன். "அந்தம்மா எனக்குச் சோறு போட்டவ அக்கா. அவ சொன்னதை நான் எப்பிடி மறுக்கிறது?" என்றார். அதற்கு மேல் அழுதுவிட்டார். நான் அழவில்லை. தலைவி அல்லவா, வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

அனுமதியில்லாமல் தங்கியதற்குத் தண்டனை, பிறகு தடுப்பு முகாம். முகாமுக்குள் எங்களை விடவில்லை. எழுதினேன், மேல் அலுவலகங்களின் படியேறினேன், பெரிய மனிதர்கள் காலிலும் விழாத குறை. ஒரு நாள் அவரை விமானம் ஏற்றிவிட்டார்கள் என்று போனில் சொன்னார்கள். கொழும்பில் இறங்கிய பிறகு அவரிடமிருந்து மனைவிக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. என்னை அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால்கூடத் தேவலை.

போன வாரம் தோட்டத்துக்குப் போனேன். மண்டோரின் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். பின்லயத்தில் இன்னொரு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது, அதுவும் அகதிக் குடும்பம்தான் என்றார்.

"மறுபடியும் சோதனைக்கு வந்தா என்னான்னு சொல்லணும், லாயரம்மா? நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

"உண்மையைச் சொல்லச் சொல்லுங்கக்கா."

"சொன்னா விட்டுருவாங்களா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.